ரிப்பீட் ஆர்டரும் புது சாம்பிளும்: கேம்களில் இரண்டாம் பாகம் ஏன் ஓயவே மாட்டேங்குது?

‘வருஷா வருஷம் அதே கேமை நம்பர் மாத்தி விக்கிறாங்க.’ இந்தப் புலம்பல் இல்லாத கேமரே கிடையாது. நானும் புலம்பினவன்தான். ஆனா வீரபாண்டியில வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புரியலைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

இங்க பனியன் கம்பெனி வச்சிருக்கற யாரை வேணும்னாலும் கேளுங்க. ரிப்பீட் ஆர்டர்னா முகமே மலரும். பேட்டர்ன் ரெடி, துணியோட ஜிஎஸ்எம் தெரியும், தைக்கறவங்களுக்குக் கை பழகியிருக்கும். புது ஸ்டைல்னா சாம்பிள் போடணும், பையர் திருத்தம் சொல்வார், மறுபடி போடணும். இத்தனைக்கும் அப்புறம் ஆர்டர் வராமலும் போகலாம்.

கேம்லயும் அதேதான். இன்ஜின், டூல்ஸ், அனிமேஷன் எல்லாம் முதல் பாகத்துலயே செஞ்சாச்சு. பேரும் மக்களுக்குத் தெரியும். கால் ஆஃப் டியூட்டி 2005-லிருந்து வருஷத்துக்கு ஒண்ணு வருது. ஒரே டீமால அது நடக்காது. பல ஸ்டுடியோக்கள் முறை வச்சு செய்யறாங்க. ஒண்ணு வெளிவரும்போதே அடுத்தது இன்னொரு இடத்துல பாதி வெந்திருக்கும்.

இந்த ஓட்டம் எங்க இடிக்கும்? அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி, 2014. முகமே இல்லாம கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்துல தொங்கின படங்களைப் பார்த்திருப்பீங்க. யுபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. 2016-ல அந்த வரிசையில பெரிய கேம் எதுவும் விடலை. 2017-ல ஆரிஜின்ஸ் வந்தப்போ சண்டை போடற முறையே மாறியிருந்தது. என்னைக் கேட்டா, தப்பு இரண்டாம் பாகத்துல இல்லை, ஷிப்மென்ட் தேதியில இருக்கு.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் செல்டா. 2017-ல வந்த அதே ஹைரூல் மேப்பை வச்சுத்தான் 2023-ல டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் வந்தது. இடையில 6 வருஷம். கண்ணுல படற பொருளை எல்லாம் ஒட்டி வண்டி, படகு, பறக்கற மெஷின்னு செஞ்சுக்கலாம். கோட் எழுதறவனா சொல்றேன், எதை எதோட ஒட்டினாலும் உடையாம ஓடணும்னா அந்த டெஸ்டிங்கை நினைச்சாலே தலை சுத்துது. பழைய மேப் கையில இருந்ததாலதான் இதுக்கு நேரம் கிடைச்சிருக்கும்ங்கறது என் கணிப்பு.

சரி, முழுக்கப் புதுசுக்கு வருவோம். அதே 2023-ல வந்த ‘வெண்பா’. டொரொன்டோவுல இருக்கற விசை கேம்ஸ் பண்ணினது. இதை ஒரு பெரிய கம்பெனி மீட்டிங்ல சொல்லிப் பாருங்க: 1980-கள்ல கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், எழுத்து அழிஞ்சுபோன அம்மாவோட சமையல் குறிப்பு, முதல் புதிரே இட்லி. காபி குடிச்சுட்டுக் கிளம்புங்கன்னு சொல்லிடுவாங்க. சின்ன டீம், சின்ன கேம், வந்த அன்னிக்கே கேம் பாஸ்லயும் இருந்தது. அதனால துணிய முடிஞ்சதுன்னு நினைக்கறேன். 2024-ல முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கிடுச்சு.

ரிப்பீட் ஆர்டரால முடியாத ஒண்ணை இது செஞ்சது. கால் ஆஃப் டியூட்டியோட அடுத்த பாகத்தை வாங்கப் போறவன் ஏற்கெனவே வரிசையில நிக்கறான். ஆனா வெண்பாவை நான் விளையாடினப்போ அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. வாழ்க்கையில ஒரு கேம்கூடத் தொடாதவங்க. நான் இட்லித் தட்டை அடுக்கத் திணறினதைப் பார்த்துட்டு, “குழி மேல குழி வராம மாத்தி வை சாமி”ன்னாங்க.

மறுநாள் காலையில கேட்டாங்க, “அந்தப் பையன் அம்மாகிட்டப் பேசினானா இல்லையா?” முதல்லயிருந்து மறுபடி போட்டுக் காட்டினேன். மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான்.