ஐந்து மாதச் சிசுவின் மூளை



ஓசூர்க்காரர்களான எங்களுக்கு 'நிம்ஹான்ஸ்' என்பது புதுப் பெயர் இல்லை. பெங்களூரில் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓசூர் ரோட்டில்தான் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. வலிப்பு, பக்கவாதம் எதுவானாலும் இந்தப் பக்கத்து ஜனங்கள் பஸ் ஏறிவிடுவார்கள். (அதே வாயால், "அவங்க நிம்ஹான்ஸ் போயிட்டு வந்தாங்களாம்" என்று குசுகுசுப்பதும் உண்டு!) அங்கே 1995 முதல் 'மூளை வங்கி' ஒன்று இருக்கிறது. டாக்டர் எஸ்.கே. சங்கரின் முயற்சியில் உண்டானது. இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த மூளைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். மியூசியமும் உண்டு, நிஜ மூளையைத் தொட்டுப் பார்க்கலாம்.

நான் எழுத வந்தது அதைவிடப் புதிய விஷயம். 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 'தரணி' என்ற பெயரில் கர்ப்பத்தில் வளரும் மூளையின் அட்லஸை வெளியிட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த வேலை. சென்னை மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 14 வாரத்திலிருந்து 24 வாரம் வரையான 5 சிசுக்களின் மூளைகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

நாம் வெங்காயத்தை எத்தனை மெல்லிசாக நறுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் முடியாது. இவர்கள் மூளையை உறைய வைத்து, தலைமுடியின் பருமனைவிட மெல்லிசாக மெஷினில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, கம்ப்யூட்டரில் படமாக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள்! யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒன்பதாவது படிக்கும் என் பெண் செல்போனில் திறந்து காட்டினாள். கத்திரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்லாம்.

மூளை முதலில் வழவழவென்றுதான் இருக்குமாம். மடிப்புகள் பிறகுதான் விழும், அதிலும் பெரும்பாலானவை கடைசி மூன்று மாதத்தில். செல்கள் மூளையின் உட்புறத்தில் பிறந்து, மெல்லிய நூல் போன்ற இழைகளைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் ஏறிப்போய்த் தங்கள் இடத்தில் உட்காருகின்றன. நாம் சமைத்துக்கொண்டும், துணி துவைத்துக்கொண்டும், ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டும் இருக்கும்போது உள்ளே இவ்வளவு நடக்கிறது. நல்லபடியாக வளரும் மூளை எந்த வாரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எங்கே கோளாறு என்று டாக்டர் சொல்ல முடியும்? இந்த அட்லஸின் உபயோகம் அதுதான்.

இதைப் படித்ததும் எனக்கு தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் நாத்தனார் ஞாபகம்தான் வந்தது. இரண்டு வருஷம் முன்பு அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு நின்றுவிட்டது. ஆம்பளைங்க துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள். அவளுக்குக் காட்டக்கூட இல்லை. பிறகு பேச்செல்லாம், "குடம் தூக்கினா, பப்பாளி தின்னா" என்று அவள் மேல்தான். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆராய்ச்சிக்கு என்றால் சம்மதம் வாங்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அந்த மரியாதை வீட்டில் ஏன் இல்லை என்றுதான் எனக்கு ஆத்திரம்.

அட்லஸைப் பற்றி அவளிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அந்த அஞ்சு பேரோட அம்மாங்களும் இப்ப நல்லா இருக்காங்களா அண்ணி?" என்று கேட்டாள். 21-வது வாரப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மறுபடி குழந்தை வேண்டும் என்று டாக்டரைப் பார்த்திருக்கிறாள். அவர் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். "இன்னும் உண்டாகவே இல்லை, அதுக்குள்ள எதுக்கு மாத்திரை?" என்று அவள் மாமியாருக்கு ஒரே சந்தேகம். போன வாரம் போயிருந்தபோது நான்தான் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். "அத்தை, மூளையும் தண்டுவடமும் ஒரு குழாய் மாதிரி ஆரம்பிக்குது. கரு தரிச்சு 28 நாளுக்குள்ள அது மூடிக்கணும். நாள் தள்ளிப்போய் ரெண்டு வாரம் ஆகிறதுக்குள்ள அந்த வேலை முடிஞ்சு போயிடும். உண்டானது தெரிஞ்ச பிறகு ஆரம்பிச்சா லேட்டு. அது சரியா மூடறதுக்குத்தான் இந்த மாத்திரை" என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மருமகளிடமே கேட்டார்.

- ஒரு வாசகி, ஓசூர்