9-ம் வகுப்பிலும் வாசிக்கத் தடுமாறும் மாணவர்கள்: தமிழ் டீச்சர் மட்டும் போதுமா? திருப்பூருக்கு ஏன் இது முக்கியம்?

உயர்நிலை வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். 2024-ம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வுப்படி, இந்திய கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 8-ம் வகுப்பு மாணவர்களில் 67.5% பேரால்தான் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது. அதாவது, மூன்றில் ஒருவரால் முடியவில்லை.

திருப்பூரில் என்ன சிக்கல்?

பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் 12 மணி நேர வேலை. அப்பா, அம்மா இருவரும் இரவில் வீடு திரும்பும்போது, பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்க நேரம் இருக்காது.

வேலை தேடி வரும் குடும்பங்கள் ஊர் மாறும்போது பிள்ளைகளின் படிப்பும் பாதியில் விட்டுப்போகும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்த பிள்ளைகளின் பிரச்னையே வேறு. எழுத்தைக் கற்றுக்கொண்டாலும், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரியாது.

9-ம் வகுப்பு ஏன் ஆபத்தான கட்டம்?

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு முடிகிறது. 14 வயது நிரம்பியவர்களை அபாயமில்லாத வேலைகளில் சேர்க்கச் சட்டத்தில் தடை இல்லை. பாடம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு கைமடி, செக்கிங் வேலைதான் சுலபமாகத் தெரியும். ஒருமுறை சம்பளம் வாங்கிப் பழகிவிட்டால், மீண்டும் பள்ளிக்குத் திரும்புவது கஷ்டம்.

அரசு என்ன செய்கிறது?

1 முதல் 3-ம் வகுப்பு வரை 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. பிறகு 5-ம் வகுப்பு வரை விரிந்தது. அதைத் தாண்டி வந்துவிட்ட 6 முதல் 9-ம் வகுப்பு மாணவர்களுக்காக 2025-ல் வந்ததுதான் 'திறன்' இயக்கம். தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் தேர்வு வைத்து, பின்தங்கியவர்களைக் கண்டறிந்து தனிப்பயிற்சி தருகிறார்கள். வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் உள்ளன.

மொத்தப் பள்ளியும் சேர்வது என்றால்?

ஒரு மாணவர் தமிழ் வகுப்பில் இருப்பது சில பீரியட்தான். மீதி நேரமும் அவர் வாசித்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் 1975-ல் வெளியான புல்லக் குழு அறிக்கை, மொழி வளர்ச்சி எல்லா ஆசிரியர்களின் பொறுப்பு என்றது. நடைமுறையில் இப்படி:

* அறிவியல்: பாடத்துக்கு முன்பே 'ஒளிச்சேர்க்கை' போன்ற சொற்களை 'ஒளி', 'சேர்க்கை' எனப் பிரித்து விளக்குவது.
* கணிதம்: கணக்கைப் போடும் முன் கேள்வியைச் சத்தமாக வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று மாணவரையே சொல்ல வைப்பது.
* சமூக அறிவியல்: ஒரு பத்தியை வாசித்து, இரண்டு வரியில் சொந்தமாக எழுத வைப்பது.

எல்லோருக்கும் ஒரே மருந்தா?

இல்லை. சிலருக்கு எழுத்தே தடுமாறும். சிலர் வேகமாக வாசிப்பார்கள், ஆனால் அர்த்தம் தெரியாது. சிலருக்குத் தமிழே புதிது. எது சிக்கல் என்று தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால்தான் தெரியும். எல்லோர் முன்னும் எழுப்பி வாசிக்க வைத்தால், கூச்சப்பட்டு அடுத்த நாள் லீவு போட்டுவிடுவார்கள்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

மார்க் எவ்வளவு என்பதோடு, "எங்க பையன் புதுசா ஒரு பக்கத்தைக் கொடுத்தா தானா வாசிச்சுப் புரிஞ்சுக்கிறானா?" என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால், அவனுக்குத் தனிப்பயிற்சி நடக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்.