சிக்குவது உழைப்பாளி, சிரிப்பது தரகன்!

பொய்ப் பெயரில் பறப்பது குற்றம் என்கிறது சட்டம். குற்றம்தான், மறுப்பாரில்லை. ஏறுபவன் யார், எந்த ஊரான் என்று அறியாமல் நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து ஆகாய விமானம் கிளம்பலாமா? ஆகவே, தண்டனை ஏன் என்று நாம் கேட்கவில்லை. தண்டனையில் சிக்குவது யார், சிக்காமல் சிரிப்பது யார் என்றுதான் கேட்கிறோம்!

1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தால், 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறர் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினாலும் அதே தண்டனை. தன் பாஸ்போர்ட்டை இரவல் கொடுத்தவனுக்கும் அதே தண்டனை! உள்நாட்டுப் பயணம்தானே என்று அடுத்தவன் அடையாள அட்டையை நீட்டினால், ஆள்மாறாட்ட மோசடி வழக்கு வரும். அதற்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா.

இந்தச் சட்டங்களை உழைப்பாளி அறியமாட்டான். தரகன் நன்றாக அறிவான்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வகை செய்கிறது. படிக்காதவனை ஏமாற்றிப் பாலைவனத்தில் கூலியின்றி வதைக்காதிருக்க, ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பார்த்தபின் அனுப்பும் ஏற்பாடு அது. ஏழைக்குப் போட்ட வேலி!

அந்த வேலியைத்தான் தரகன் பிடுங்குகிறான். "பத்தாவது தேறியதாகச் சான்றிதழ் தயார், கையெழுத்துப் போடு" என்கிறான். தாலியை அடகு வைத்த பணம் அவன் பையில். பொய்யின் கீழே கையெழுத்து இவனுடையது. பிடிபட்டால், விமான நிலையத்தில் கைகட்டி நிற்பதும் இவனே!

தரகனுக்குத் தண்டனை இல்லையா? உண்டு. குற்றத்துக்கு உடந்தையாயிருந்தவனுக்கும் குற்றவாளிக்குரிய தண்டனையே என்கிறது அதே 12ஆம் பிரிவு. ஆனால் சட்டம் அவன் வாசற்கதவைத் தட்டவேண்டுமானால் சான்று வேண்டுமே! பெயர் மாற்றிப் பேசியவன், ரசீது தராதவன், ஊரைவிட்டு ஓடியவன் மீது எதைக் காட்டி வழக்குத் தொடுப்பது?

எனவே, தோழர்களே, நாம் செய்யவேண்டியது இது. படிப்பகத்துக்கு வரும் உழைப்பாளிக்குப் படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டுவோம். முகவர் பதிவு பெற்றவர்தானா என்று அரசின் பட்டியலில் பார்த்துச் சொல்வோம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியுமே என்பதைச் சொல்வோம். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்கச் செய்வோம். ஏமாந்தவனைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வோம்.

வாசிக்காத தாளில் கையெழுத்திடாதே என்று ஒவ்வொரு உழைப்பாளிக்கும் உரைப்போம். அவன் வாசிக்கத் தொடங்கிவிட்டால், தரகனின் சிரிப்பு அன்றே அடங்கும்!