நோயுற்ற மருத்துவ மாணவரும் இரு அமானிதங்களும்

மருத்துவம் பயிலும் மாணவர் நீடித்த நோய்க்கு ஆளானால் கல்லூரியின் கடமை யாது? இரக்கம் காட்டினால் போதும் என்பர் சிலர். நாளைய நோயாளிகளின் நலன் கருதி அவரை விலக்குவதே முறை என்பர் வேறு சிலர். மாணவரின் நலனும் நோயாளியின் நலனும் ஒன்றுக்கொன்று பகையானவை என்னும் எண்ணமே இவ்விரு கருத்துகளுக்கும் அடிப்படை. அவ்வெண்ணம் பிழையானது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வில் பங்கேற்ற இளநிலை மருத்துவ மாணவருள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு உண்டெனத் தெரிவித்திருந்தனர். இத்தகையோர் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் அச்சம்: படிப்பு தடைபடுமோ, இகழ்ச்சி வந்து சேருமோ என்னும் அச்சம். ஆனால் நோயாளிக்குக் கேடு விளைவிப்பது மறைக்கப்பட்ட நோயே. உறக்கமின்மை வலிப்பைத் தூண்டவல்லது. வலிப்பு நோயை வெளியிட்ட மாணவருக்கு இரவுப் பணியை மாற்றியமைக்கலாம். மறைத்தவருக்கு என் செய்ய இயலும்?

நோயாளியின் உயிர் ஓர் அமானிதம். மாணவர் நம்பிச் சொன்ன இரகசியம் மற்றோர் அமானிதம். இரண்டையும் ஒருசேரக் காக்க மூன்று நெறிகள் வேண்டும். முதலாவது, சிகிச்சை அளிப்பவரே தேர்வாளராகவும் இருத்தல் ஆகாது. இரண்டாவது, தேர்ச்சியின் அளவுகோலைத் தாழ்த்தலாகாது. அதை எய்தும் வழியை மாற்றலாம். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது. மூன்றாவது, நோயாளிகளுக்கு மெய்யான ஆபத்து நேருமெனில், மாணவரிடம் முன்னரே அறிவித்துவிட்டு, தேவையான அளவு மட்டும், தேவையானவரிடம் மட்டும் வெளியிடலாம்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோய், தலசீமியா, ஹீமோஃபிலியா முதலியவற்றைத் தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. குறைபாட்டின் விழுக்காடு மட்டுமே ஒருவரை மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவராக்காது, அவரால் படிக்க இயலுமா என்பதையே மதிப்பீட்டு வாரியம் ஆராய வேண்டும் என உச்சநீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு திறப்பது கல்லூரியின் வாயிலை மட்டுமே. உள்ளே நுழைந்தவரைத் தாங்குவது ஆசிரியர்களின் பொறுப்பு.

ஒன்பதாம் நூற்றாண்டில் அர்-ருஹாவீ அரபியில் இயற்றிய ‘அதபுத் தபீப்’ என்னும் மருத்துவ ஒழுக்க நூல், மருத்துவரின் இறைநம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் முதல் அத்தியாயத்தில் பேசிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர் தம் உடலைப் பேணும் முறையை விளக்குகிறது. இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. தம் நோயைச் சொல்ல அஞ்சாத சூழலில் பயின்றவரே பிறர் நோயைச் செவிமடுக்கும் பக்குவத்தையும் எளிதில் பெறுவார்.