ஏரி பராமரிப்பும் கிராமக் குடிநீரும்

திருவாலங்காட்டில் 1905-ஆம் வருஷம் கிடைத்த முதலாம் இராஜேந்திர சோழனுடைய செப்பேடுகள் 31 தகடுகள் கொண்டவை. பழையனூர்க் கிராமத்தை அவ்வூர்ச் சுவாமிக்கு அளித்ததைக் கூறும் அச்சாஸனம், அவ்வரசன் சோழகங்கம் என்னும் ஏரியைக் கங்கை ஜலத்தாலாகிய ஜயஸ்தம்பமாக நிறுவினான் என்றும் உரைக்கின்றது. வெற்றிக்கு அடையாளமாக ஏரியைக் கருதிய அம்மதிப்பு இன்றும் மறக்கத்தக்கதன்று.

இப்பிரதேசத்துக் கொசஸ்தலையாறு மழைக்காலத்தில் மாத்திரம் பெருகுவது. அவ்வெள்ளத்தைப் பூண்டியில் தேக்கும் நீர்த்தேக்கம் 1944-ல் முடிவுற்றுச் சென்னை நகரத்துக்கு உதவுகின்றது. கிராமங்களோ பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. ஏரியில் நிற்கும் ஜலம் பூமியில் இறங்கிக் கரைக்குக் கீழுள்ள கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. ஆதலின் வரத்துக்கால் தூர்ந்துபோனால் பாசனம் குறைவதோடு குடிநீரும் குறையும்.

இறைப்பு ஊறலை மிஞ்சினால் நேருங் கேட்டுக்கு, இதே ஆறு கடலையடையும் பகுதியிலுள்ள மீஞ்சூர் உதாரணமாகும். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயிர்களுக்குமாக அளவின்றி இறைத்தமையால், 1960-களிலிருந்து கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து பல கிணறுகளை உப்பாக்கிற்று. திருவாலங்காடு கடலுக்கு எட்டியிருப்பதால் உவர் புகாது. ஆயின் ஊற்று வற்றுதல் இங்கும் நேரும்.

ஏரி வேலைக்குக் குடிகள் உழைப்பளிக்கும் குடிமராமத்து வழக்கத்தை 1858-ஆம் வருஷத்துச் சட்டம் வலியுறுத்திற்று. 2017-ல் தமிழ்நாடு அரசு அப்பெயராலேயே ஏரிச் சீரமைப்பைத் தொடங்கியது. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் புரட்டாசி கழியுமுன் பின்வருவனவற்றை முடித்தல் நலம்:

1. வரத்துக்காலிலுள்ள மண்ணையும் புதரையும் அகற்றுக. கலங்கலையும் மதகையும் பழுது பார்க்க.

2. ஏரியில் அள்ளும் வண்டலை வயலுக்கு உரமாக இடுக. கரையின் அடிவாரத்தில் மண் தோண்டலாகாது.

3. கரும்புக்கும் நெல்லுக்கும் இறைப்போர், கோடையில் குடிநீர்க் கிணற்றுக்கு அருகே இறைப்பைக் குறைத்துக்கொள்க.

4. குடிநீர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், கழிவுநீர் திரும்பி இறங்காதபடி தளமும் வேண்டும். கழிப்பறைக் குழியும் எருக்குழியும் 15 மீட்டருக்கு அப்பால் இருத்தல் அவசியம்.

5. ஜலத்தைச் சுத்தி செய்ய, 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வெளுப்புத்தூளைக் கரைத்துத் தெளிவை இரவில் கிணற்றில் விட்டு, மறுநாட் காலையில் இறைக்க.

ஐப்பசி மழை காத்திராது. கால்வாய் திறந்திருந்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் பங்குனி, சித்திரையிலும் ஊர்க் கிணற்றில் குடம் நிறையும்.