வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்றீங்களா? உரிமை யாருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க!

ஒரு மைக், லேப்டாப் இருந்தா போதும், படுக்கையறையே ஸ்டூடியோதான். ஆனால் அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

3 உரிமைகள்: 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள், இசை, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பதிவு செய்வது கட்டாயமில்லை. பாட்டு உருவானதுமே உரிமை வந்துவிடும். வரிகளுக்கும் இசைக்கும் படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

சிக்கல் எங்கே? நண்பர் எழுதிய வரிகள் நண்பருக்கே சொந்தம். இணையத்தில் 'ஃப்ரீ' என்று கிடைக்கும் பீட்டில் காசு பார்க்க அனுமதி இல்லாமலும் இருக்கலாம். யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்தால், விளம்பர வருமானம் பீட்டின் உரிமையாளருக்குப் போகலாம்.

என்ன செய்யணும்? வெளியிடும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, எல்லாரும் கையெழுத்து போடுங்க. பீட்டின் லைசென்ஸையும் ஒரிஜினல் ஃபைல்களையும் பத்திரமா வச்சுக்கோங்க.