தன் மலத்தைத் தானே தின்னும் நாய்க்குட்டி: மிளகாய்ப்பொடி மருந்தல்ல

சிங்காநல்லூரில் என் மருத்துவ அறைக்கு அண்மையில் நான்கு மாத லேப்ரடார் குட்டி ஒன்று வந்தது. வாயின் உள்பக்கம் நெருப்பாகச் சிவந்து, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தூக்கி வந்த அம்மா வெகுநேரம் விஷயத்தைச் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "சொல்றதுக்கே கூசுதுங்க டாக்டர். வெளிக்கிருந்துட்டு அதையே திங்குதுங்க. மூணு வாரமா அதுமேல மிளகாய்ப்பொடி தூவிப் பாத்தோமுங்க" என்றார்.

நான் கவலைப்பட்டது வாயைப் பார்த்தல்ல. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளுத்துக் கிடந்தது. குடலில் கொக்கிப்புழு ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. முதல் வாரமே வந்திருந்தால் ஒரு புழு மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

இப்படித் தாமதமாக வரும் குட்டிகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். புழுவோ பேதியோ என்றால் உடனே தூக்கி வருகிறவர்கள், இதைச் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்துகிறார்கள்.

இது அசிங்கமான நாயா?

இல்லை. குட்டி பிறந்த முதல் மூன்று வாரங்கள் தாய் நாய்தான் குட்டிகளின் மலத்தை நக்கித் தின்று படுக்கையைச் சுத்தமாக வைக்கிறது. அதைப் பார்த்து வளர்கிற குட்டி, வாயால் உலகத்தைத் தெரிந்துகொள்ளும் வயதில் இதையும் வாயில் வைத்துப் பார்க்கிறது. பெரும்பாலான குட்டிகள் வளர வளர விட்டுவிடுகின்றன.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்பவர்களிடம் விவரம் திரட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஆறில் ஒரு நாய்க்கு இந்தப் பழக்கம் இருந்தது. சாப்பாட்டை அள்ளி விழுங்கும் நாய்களிடமும், பல நாய்கள் இருக்கும் வீடுகளிலும் அதிகம்.

விட முடியாமல் போவதற்குப் பல நேரம் நாம்தான் காரணம். முப்பது நாளில் தாயிடமிருந்து பிரித்து, கம்பிக்கூண்டில் தன் மலத்தின் மேலேயே படுக்க வைத்து விற்கிறார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. வாங்கி வந்த பிறகு மூன்றாவது மாடி பால்கனியில் காலை முதல் மாலை வரை கட்டிப் போடுகிறோம். செய்ய வேலை இல்லை, பக்கத்தில் மலம் கிடக்கிறது. வேறென்ன செய்யும்?

மிளகாய், பூண்டு, அன்னாசி, அடி

மிளகாய்ப்பொடி பழக்கத்தை நிறுத்தாது. வாயையும் வயிற்றையும் எரித்து வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும்.

"எங்க அம்மாயி சொன்னாங்க, பூண்டு குடுத்தா பூச்சி செத்துரும்னு" என்று ஒருவர் தினமும் பூண்டு அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். நமக்கு நல்லதெல்லாம் நாய்க்கும் நல்லது என்று யார் சொன்னது? பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அதன் பாதிப்பு அன்றே தெரியாது. சில நாள் கழித்துக் குட்டி சோர்ந்து விழும்போதுதான் தெரியும். ஏற்கெனவே கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கிற குட்டிக்குப் பூண்டும் கொடுத்தால் என்ன மிஞ்சும்?

வீட்டுக் குழந்தைகளுக்கு வாங்கிய அல்பெண்டசோலை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது சில நாய்களின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. குட்டியின் எடை பார்க்காமல், என்ன புழு என்று தெரியாமல் மாத்திரை கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது!

அன்னாசிப்பழம் போட்டால் மலம் கசக்கும், நாய் தொடாது என்ற நம்பிக்கையும் ஊர் முழுக்க இருக்கிறது. மலத்தின் சுவையை மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருட்கள் பதினொன்றைப் பற்றி அதே ஆய்வில் கேட்டார்கள். பலன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை.

"சுண்ணாம்புச் சத்துக் குறைச்சலுங்க" என்று கால்சியம் மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது அடி. மூக்கைப் பிடித்து மலத்தில் தேய்ப்பது, செருப்பால் அடிப்பது. குட்டி இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே: மலம் தரையில் கிடந்தால் அடி விழும். அதனால் ஆள் வருவதற்குள் அவசரமாக விழுங்கிவிடுகிறது, அல்லது சோபாவுக்குப் பின்னால் போய் மலம் கழிக்கிறது. நீங்கள் கத்திக்கொண்டு ஓடினாலும் அப்படித்தான். பிடுங்க வருகிறார்கள் என்று இன்னும் வேகமாகத் தின்னும்.

எப்போது தூக்கி வர வேண்டும்?

நன்றாகத் தின்றும் இளைக்கிறது, வயிறு மட்டும் பானையாக இருக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மலம் எண்ணெய்ப் பசையாகக் குவியல் குவியலாகப் போகிறது என்றால் அன்றே வாருங்கள். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் சில நாய்களுக்குக் கணையம் சரியாகச் சுரக்காததால் தின்ற சோறு செரிக்காமலேயே வெளியேறும். பசி அடங்காமல் அதையே தின்னும். வளர்ந்த நாய்க்குத் திடீரென்று இப்பழக்கம் வந்தாலும் காட்டுங்கள்.

புது மலம் கொஞ்சம் எடுத்து வந்தால் போதும், நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம்; தேவைப்பட்டால் ரத்தம்.

கையெடுத்துக் கேட்கிறேன்

குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கழுத்துப் பட்டையோடு ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். இருந்து முடித்த நொடியில் பேர் சொல்லி உங்களிடம் கூப்பிட்டு, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அது மென்றுகொண்டிருக்கும்போதே மலத்தை அள்ளிவிடுங்கள். தின்னக் கிடைக்காவிட்டால் பழக்கம் தானே தேயும். இரண்டு மாதம் சலிக்காமல் செய்யுங்கள்.

பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடைக்கேற்பப் புழு மருந்து கொடுங்கள். வெறும் பால் சோற்றில் குட்டியை வளர்க்காதீர்கள். முட்டை, இறைச்சி சேருங்கள், ஒரு நாள் சோற்றை மூன்று வேளையாகப் பிரியுங்கள்.

இன்னொன்று. தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியைக் குளத்தங்கரைக்கு நடக்கக் கூட்டிப் போகாதீர்கள். அங்கே வேறு நாய் இருந்துவிட்டுப் போன மலத்தை மோந்தாலே, நக்கினாலே பார்வோ என்ற வைரஸ் நோய் வரலாம்; அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. மலம் தின்கிற குட்டிக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், குட்டி முகத்தை நக்க விடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அதற்காகக் குட்டியைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். அந்த லேப்ரடாரின் வீட்டிலும் அப்படி ஒரு பேச்சு எழுந்ததாம். அந்த அம்மாதான் விடவில்லை. புழு மருந்து கொடுத்த மூன்றாவது வாரம் கூட்டி வந்தார். உதட்டைத் தூக்கினேன், ஈறு சிவக்கத் தொடங்கியிருந்தது.